ஆங்கிலத்தில் நாம் சறுக்கும் இடங்கள்: தமிழ் இலக்கணத்தின் துணையோடு ஒரு விளக்கம்

கொழும்பில் வாழும் தமிழர் பலருக்கு ஆங்கிலம் நாள்தோறும் தேவைப்படும் மொழி. வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி வாங்கத் தமிழும் சிங்களமும் போதும். ஆனால் தனியார் நிறுவனமொன்றில் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால், வங்கிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுமென்றால், தமிழ் தெரியாத முகாமையாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டுமென்றால், ஆங்கிலம் இல்லாமல் முடிவதில்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி என்று கூறிய அதே உறுப்புரையில் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று குறித்தது. பாடசாலையில் மூன்றாம் தரத்திலிருந்து க.பொ.த. சாதாரண தரம் வரை அதைப் பாடமாகப் படிக்கிறோம். அப்படிப் படித்தவர்கள்கூட, வேலைக்குப் போய்ப் பல வருடங்கள் ஆன பிறகும், ஒரே வகையான சில பிழைகளைத் திரும்பத் திரும்ப விடுகிறார்கள்.

இதைச் சோம்பல் என்றோ அறிவுக் குறைவு என்றோ சொல்வது அநியாயம். நாம் நன்றாக அறிந்த ஒரு மொழியின் ஒழுங்கை, நம்மையறியாமலே, இன்னொரு மொழிக்குள் கொண்டுபோய் வைக்கிறோம். ஆகவே இந்தப் பிழைகள் எழுந்தமானமாக வருபவை அல்ல; தமிழும் ஆங்கிலமும் எந்தெந்த இடத்தில் பிரிகின்றன என்று தெரிந்தால், எங்கே பிழை வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். இன்னொரு விடயமும் உண்டு. வேறு சில இடங்களில், நமக்கு ஏற்கெனவே இருக்கும் தமிழ் இலக்கண உணர்வே பிழையைத் திருத்தும் கருவியாகிறது. டியூஷன் வகுப்புகளில் இதைச் சொல்லிக் கொடுப்பது குறைவு என்பதால், இங்கே அதற்குக் கூடுதல் இடம் தருகிறேன்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த மொழியியலாளர் பிட் கோடர், 1967இல் வெளியான ஒரு கட்டுரையில், மொழி கற்பவர் விடும் குறைகளை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். களைப்பாலும் அவசரத்தாலும் நா தடுமாறி வரும் சறுக்கல் ஒரு வகை. அது தாய்மொழியிலும் எல்லோருக்கும் வரும், சொன்னவரே உடனே திருத்தியும் கொள்வார். கற்பவரின் மனத்தில் உருவாகியிருக்கும் ஒரு விதியிலிருந்து பிறக்கும் பிழை மற்ற வகை. சொன்னவருக்கு அது சரியாகவே தோன்றும், ஆகவே பத்துத் தடவை சிவப்பு மையால் கோடிட்டாலும் போகாது. அந்த விதியைக் கண்டுபிடித்து மாற்றினால்தான் போகும். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வகையைப் பற்றியது.

ஆங்கில எடுத்துக்காட்டுகளை ஒலிப்பின்படி தமிழ் எழுத்திலேயே தருகிறேன். அவற்றை வாய்விட்டு வாசிப்பது நல்லது. கண்ணுக்குத் தப்பும் பிழை பல சமயம் காதில் அகப்படும்.

போகவில்லை என்ற சொல்லிலிருந்து தொடங்குவோம்

கொழும்பில் மிக அதிகமாகக் கேட்கும் பிழை "ஐ டிடின்ட் வென்ட்" என்பதாகத்தான் இருக்கும். "டிட் யூ சோ ஹிம்?" என்பது அதன் வினா வடிவம். சரியானவை "ஐ டிடின்ட் கோ" என்பதும் "டிட் யூ சீ ஹிம்?" என்பதும் ஆகும். விதி சுருக்கமானது: ஓர் ஆங்கில வாக்கியத்தில் கடந்த காலத்தை ஒரு வினைச்சொல் காட்டினால் போதும். "டிட்" வந்துவிட்டால் காலத்தை அது ஏற்றுக்கொள்கிறது. அதன் பின்னால் வரும் முதன்மை வினை தன் அடிப்படை வடிவத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

இந்த விதியை நாம் ஆங்கில வகுப்பில் புதிதாகக் கற்றுக்கொண்டதாக நினைக்கிறோம். உண்மையில் அது பேசத் தொடங்கிய வயதிலேயே நமக்குள் இருக்கிறது. "போனேன்" என்ற சொல்லைப் பாருங்கள். அதில் கடந்த காலமும் இருக்கிறது, "நான்" என்பதைக் காட்டும் விகுதியும் இருக்கிறது. இப்போது அதை எதிர்மறையாக்குங்கள். "போகவில்லை" என்கிறோம். இங்கே "போக" என்பதற்குள் காலங்காட்டும் இடைநிலை எதுவும் இல்லை. நான், நீ, அவள் என்று காட்டும் விகுதியும் இல்லை. எதிர்மறைச் சொல் வந்து சேர்ந்ததும் முதன்மை வினை தன் காலத்தைக் கழற்றி வைத்துவிட்டது. "போனவில்லை" என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் சொல்வதில்லை. "ஐ டிடின்ட் வென்ட்" என்பது ஆங்கிலக் காதுக்கு ஏறத்தாழ அந்தப் "போனவில்லை" போலத்தான் ஒலிக்கிறது.

ஆகவே பயிற்சியைத் தமிழிலிருந்தே தொடங்கலாம். "வாங்கினேன்" என்றால் "போட்". "வாங்கவில்லை" என்றால் "டிடின்ட் பை". "சாப்பிட்டேன்" என்றால் "ஏட்". "சாப்பிடவில்லை" என்றால் "டிடின்ட் ஈட்". "எழுதினேன்" என்றால் "ரோட்". "எழுதவில்லை" என்றால் "டிடின்ட் ரைட்". இப்படி இணை இணையாகச் சொல்லிப் பழகினால், "டிடின்ட்" என்ற சொல் வாயில் வரும்போதே அடுத்த சொல் தானாகச் சுருங்கிக்கொள்ளும்.

இந்த உறவு இன்னும் நீள்கிறது. "பேச முடியும்", "பேச வேண்டும்", "பேசவில்லை" ஆகிய மூன்றிலும் "பேச" என்ற ஒரே வடிவம்தான் வருகிறது. ஆங்கிலத்தில் "கேன் ஸ்பீக்", "மஸ்ட் ஸ்பீக்", "டிடின்ட் ஸ்பீக்" ஆகிய மூன்றிலும் "ஸ்பீக்" என்ற ஒரே வடிவம் வருகிறது. "ஹீ கேன் ஸ்பீக்ஸ் இங்கிலிஷ்" என்று சொல்பவர், தமிழில் "அவர் ஆங்கிலம் பேசுகிறார் முடியும்" என்று சொல்லிப் பார்த்தால், தம் பிழையின் வடிவத்தைத் தாமே கண்டுகொள்வார்.

வினா வாக்கியத்தில் மட்டும் இந்தத் துணை கிடைக்காது. "போனாயா?" என்ற தமிழ் வினாவில் வினைச்சொல் தன் காலத்தை வைத்துக்கொள்கிறது, ஆங்கில வினாவோ "டிட் யூ கோ?" என்று காலத்தை "டிட்" என்பதிடம் கொடுத்துவிடுகிறது. எதிர்மறையைச் சரியாகச் சொல்லப் பழகியவரும் வினாவில் "டிட் யூ வென்ட்" என்று தடுக்கி விழுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். வினா கேட்கும்போது மனத்தில் எதிர்மறை வாக்கியத்தை முதலில் அமைத்து, பிறகு அதை வினாவாக மாற்றுவது நல்ல வழி.

"ஷீ கோஸ்" என்பதன் கடைசியில் வரும் "ஸ்" ஒலியையும் இங்கேயே பார்த்துவிடலாம். தமிழ் வினைச்சொல் போகிறேன், போகிறாய், போகிறாள், போகிறது என்று ஒவ்வோர் ஆளுக்கும் தனி விகுதி ஏற்கிறது. ஆங்கிலம் இந்த விகுதிகளில் பெரும்பாலானவற்றைக் காலப்போக்கில் இழந்துவிட்டது. நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு மட்டும் ஒரு "ஸ்" எஞ்சியிருக்கிறது. இத்தனை விகுதிகளைப் பிழையின்றிக் கையாளும் நாம் அந்த ஒன்றை மறப்பது, அது மெல்லிய ஒலி என்பதாலும், அது இல்லாமலே பொருள் விளங்கிவிடுவதாலும்தான். "டஸ்" வந்தால் அந்த "ஸ்" அதற்குள் போய்விடும். "ஷீ டஸின்ட் நோஸ்" என்பது தவறு, "ஷீ டஸின்ட் நோ" என்பதே சரி.

இல்லாத சொல்லும் தேவையற்ற சொல்லும்

"என் அக்கா ஆசிரியை" என்பது தமிழில் முழுமையான வாக்கியம். எழுவாய் இருக்கிறது, பெயர்ப் பயனிலை இருக்கிறது, வினைச்சொல்லே வேண்டியதில்லை. ஆங்கிலம் இதை ஏற்பதில்லை. "மை சிஸ்டர் இஸ் எ டீச்சர்" என்று நடுவில் ஒரு வினைச்சொல் கட்டாயம் வர வேண்டும். தொடக்கத்தில் நாம் அந்த "இஸ்" என்பதை விட்டுவிடுகிறோம், ஆசிரியர் திருத்துகிறார், உடனே அதை எல்லா இடத்திலும் சேர்க்கத் தொடங்கிவிடுகிறோம். "ஐ ஆம் அக்ரீ", "ஐ ஆம் லிவ் இன் கொட்டாஞ்சேனை", "ஷீ இஸ் வேர்க் இன் எ பாங்க்" என்பவை அப்படித்தான் பிறக்கின்றன. முதல் பிழையைத் திருத்தப் போய் வந்த இரண்டாவது பிழை இது. கற்பவர் முன்னேறியிருக்கிறார் என்பதற்கு இது அடையாளம் என்றாலும், முதலாவதைவிட இதைப் போக்குவது கடினம், ஏனென்றால் விதியைக் கடைப்பிடிப்பதாகவே அவர் நம்புகிறார்.

"ஆம்", "இஸ்", "ஆர்" என்பவற்றுக்குப் பின்னால் ஒரு பெயரோ, ஒரு குணமோ, ஓர் இடமோ வரலாம். "இங்" என்று முடியும் வினை வரலாம். செயப்பாட்டு வாக்கியத்தில் "ரிட்டன்", "பெயிட்" போன்ற வடிவம் வரலாம். வெறும் வினை வரவே கூடாது. ஆகவே "ஐ அக்ரீ" என்றோ, "ஐ லிவ் இன் கொட்டாஞ்சேனை" என்றோ சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

"இங்" எப்போது வரும் என்பது அடுத்த சிக்கல். "வேலை செய்கிறேன்" என்ற தமிழ்ச் சொல் வழக்கமாகச் செய்வதையும் குறிக்கும், இந்த நேரத்தில் செய்வதையும் குறிக்கும். ஆங்கிலம் முதலாவதை "ஐ வேர்க்" என்றும் இரண்டாவதை "ஐ ஆம் வேர்க்கிங்" என்றும் பிரிக்கிறது. இதற்கு ஓரளவு உதவும் சோதனை ஒன்று உண்டு. வாக்கியத்தில் "கொண்டிருக்கிறேன்" என்பதைச் சேர்த்துப் பாருங்கள். "சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பது இயல்பாக இருக்கிறது. ஆகவே "ஐ ஆம் ஈட்டிங்" சரி. "எனக்கு விடை தெரிந்துகொண்டிருக்கிறது" என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே "ஐ ஆம் நோயிங் த ஆன்சர்" என்பதும் ஆகாது. "எனக்கு இரண்டு அண்ணன்மார் இருந்துகொண்டிருக்கிறார்கள்" என்பது கேட்கவே பொருந்தவில்லை. ஆகவே நேர்முகத் தேர்வுகளில் நாம் அடிக்கடி சொல்லும் "ஐ ஆம் ஹாவிங் டூ பிரதர்ஸ்" என்பதை "ஐ ஹாவ் டூ பிரதர்ஸ்" என்று மாற்ற வேண்டும். ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தச் சோதனை ஒரு வடிவத்தை விலக்குவதற்கு உதவும், ஏற்பதற்குப் போதாது. நிரந்தரமான வேலையைப் பற்றியும் நாம் "வேலை செய்துகொண்டிருக்கிறேன்" என்று சொல்வதுண்டு; ஆங்கிலத்தில் அதற்கு வெறும் "ஐ வேர்க்" என்பதே பொருத்தம்.

ஒரு கடிதத்தை அருகில் வைத்துப் பார்ப்போம்

இடமாற்றம் கேட்டு ஓர் ஊழியர் எழுதும் கடிதத்தின் மூன்று வாக்கியங்களை விளக்கத்துக்காக அமைத்திருக்கிறேன். "ஐ ஆம் வேர்க்கிங் இன் திஸ் பிராஞ்ச் சின்ஸ் த்ரீ இயர்ஸ். யெஸ்டடே ஐ ஹாவ் டிஸ்கஸ்ட் எபவுட் மை டிரான்ஸ்ஃபர் வித் த மானேஜர். ஹீ டோல்ட் டு மீ டு கிவ் எ லெட்டர்." கருத்து தெளிவாகவே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் தமிழ் உள்ளிருந்து பேசுகிறது.

முதல் வாக்கியத்தின் தமிழ் மூலம் "மூன்று வருடமாக இந்தக் கிளையில் வேலை செய்கிறேன்" என்பதாகும். முன்பு தொடங்கி இன்னும் தொடரும் செயலைத் தமிழ் நிகழ்காலத்தில் சொல்கிறது; அதில் குறை ஒன்றும் இல்லை. ஆங்கிலமோ, தொடக்கம் கடந்த காலத்தில் இருக்கிறது என்பதை வினைச்சொல்லிலேயே காட்டச் சொல்கிறது. ஆகவே "ஐ ஹாவ் பீன் வேர்க்கிங்" என்று வர வேண்டும். அடுத்தது "சின்ஸ்", "ஃபோர்" என்ற இரண்டின் குழப்பம். இந்தக் குழப்பத்துக்குத் தமிழிலேயே மருந்து இருக்கிறது. "2022இலிருந்து", "திங்கட்கிழமையிலிருந்து", "காலையிலிருந்து" என்று "இலிருந்து" வரும் இடமெல்லாம் "சின்ஸ்". அது தொடங்கிய புள்ளியைக் காட்டுகிறது. "மூன்று வருடமாக", "இரண்டு மணித்தியாலமாக" என்று "ஆக" வரும் இடமெல்லாம் "ஃபோர்". அது நீளத்தைக் காட்டுகிறது. தொடங்கிய புள்ளியை மனத்தில் வைத்து "மூன்று வருடத்திலிருந்து வேலை செய்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், நா ஒப்புவதில்லை. அந்த ஒப்பாமையையே "சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்ற தொடரின் மீதும் வையுங்கள்.

இரண்டாவது வாக்கியத்தில் இரண்டு பிழைகள். "ஹாவ் டிஸ்கஸ்ட்" என்ற வடிவம், நேற்று, போன கிழமை, 2019 என்று முடிந்துபோன நேரத்தைக் குறிக்கும் சொல்லோடு சேராது. தமிழில் "அவரை முன்பு சந்தித்திருக்கிறேன்" என்பது அனுபவத்தைச் சொல்கிறது. நேற்று நடந்ததை முகாமையாளரிடம் அறிவிக்கும்போது "நேற்று மூன்று மணிக்கு அவரைச் சந்தித்திருக்கிறேன்" என்று சொல்ல மாட்டோம், "சந்தித்தேன்" என்போம். அதே உணர்வு ஆங்கிலத்துக்கும் போதும். மற்றப் பிழை "எபவுட்". "இடமாற்றத்தைப் பற்றிக் கலந்துபேசினேன்" என்று நினைத்து எழுதுவதால் அது வந்து ஒட்டிக்கொள்கிறது. "டிஸ்கஸ்" என்ற வினை நேரடியாகச் செயப்படுபொருளை ஏற்பது. அதை "ஆராய்ந்தேன்" என்று மனத்தில் வைத்துக்கொண்டால், "இடமாற்றத்தை ஆராய்ந்தேன்" என்று இரண்டாம் வேற்றுமை தானாக வரும், "பற்றி" என்பதற்கு இடமிருக்காது.

மூன்றாவது வாக்கியத்தின் "டோல்ட் டு மீ" என்பது "என்னிடம் சொன்னார்" என்பதன் நிழல். ஆங்கிலத்தில் "சே" என்ற வினை "டு" கேட்கும், "டெல்" என்ற வினை கேட்காது. "ஹீ செட் டு மீ", "ஹீ டோல்ட் மீ" ஆகிய இரண்டையும் சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். "எக்ஸ்பிளெயின்" இதற்கு நேர்மாறானது. "எக்ஸ்பிளெயின் மீ" என்பது தவறு, "எக்ஸ்பிளெயின் இட் டு மீ" என்பதே சரி.

திருத்திய கடிதம் இப்படி அமையும்: "ஐ ஹாவ் பீன் வேர்க்கிங் இன் திஸ் பிராஞ்ச் ஃபோர் த்ரீ இயர்ஸ். யெஸ்டடே ஐ டிஸ்கஸ்ட் மை டிரான்ஸ்ஃபர் வித் த மானேஜர். ஹீ டோல்ட் மீ டு கிவ் எ லெட்டர்." முன்பிருந்ததைவிட இது எவ்வளவு இலேசாக ஓடுகிறது என்று கவனியுங்கள்.

ஒரு "கு", பல ஆங்கிலச் சொற்கள்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், "கு" என்ற நான்காம் வேற்றுமை உருபுக்குக் கொடை, பகை, நட்பு, தகுதி, ஒன்று இன்னொன்றாவது, பொருட்டு, முறை எனப் பல பொருள்களைக் காட்டுகிறது. ஓர் உருபுக்கே இத்தனை பொருள் இருக்கும்போது, அதற்கு ஆங்கிலத்தில் "டு" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது. "ஐந்து மணிக்கு" என்பது "அட் ஃபைவ்". "பரீட்சைக்குப் படித்தேன்" என்பதில் அது "ஃபோர் த எக்ஸாம்". "கண்டிக்குப் போனேன்" என்பதில்தான் "டு கண்டி" என்று வருகிறது. ஆனால் "வீட்டுக்குப் போனேன்" என்பதில் "ஐ வென்ட் ஹோம்" என்று எதுவுமே வருவதில்லை, "ஐ வென்ட் டு ஹோம்" என்பது பிழை. "அவருக்குத் தலைவலி" என்பதோ "ஹீ ஹாஸ் எ ஹெடேக்" என்று வாக்கிய அமைப்பையே மாற்றிக்கொள்கிறது.

இந்த இடத்தில் விதி தேடி அலைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வினைச்சொல்லை அதனோடு வரும் சிறுசொல்லையும் சேர்த்து ஒரே சொல்லாகக் கற்பதே நடைமுறைக்கு உகந்தது. "மேரீட் டு" என்று படிக்க வேண்டும். "ஷீ இஸ் மேரீட் வித் எ டொக்டர்" என்பது நம் "ஓடு" உருபின் தலையீடு. "ரிட்டர்ன்" என்பதற்குள்ளேயே "திரும்ப" இருக்கிறது. "ரிட்டர்ன் பேக்" என்று சேர்க்க வேண்டாம். "ரீச்ட் ஒஃபிஸ்" என்பதைவிட "ரீச்ட் த ஒஃபிஸ்" சரி. "ரீச்ட் டு த ஒஃபிஸ்" தவறு.

ஓர், ஒரு, அந்த

"எ", "அன்" என்ற இரண்டில் எது எங்கே வரும் என்பதைத் தமிழ் மாணவருக்கு விளக்குவதைப் போல எளிதான வேலை வேறில்லை. உயிரொலிக்கு முன் "ஓர்", மெய்யொலிக்கு முன் "ஒரு" என்பது நாம் படித்த மரபு: ஓர் ஊர், ஒரு நாடு. ஆங்கிலத்திலும் அதே ஒழுங்குதான். "அன் ஆப்பிள்", "எ மாங்கோ". பலர் சறுக்குவது, எழுத்தைப் பார்த்து முடிவு செய்வதால். மணித்தியாலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் எழுத்தில் மெய்யோடு தொடங்கினாலும் ஒலிப்பில் "அவர்" என்றே தொடங்குகிறது. ஆகவே "அன் அவர்". பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் சொல் எழுத்தில் உயிரோடு தொடங்கினாலும் ஒலிப்பில் "யூ" என்று யகரத்தோடு தொடங்குகிறது. ஆகவே "எ யூனிவர்சிட்டி". பாராளுமன்ற உறுப்பினர் "அன் எம்.பி." ஆவதும் இதனால்தான். ஐயம் வந்தால் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். அகரம் முதல் ஔகாரம் வரையான ஓர் எழுத்தில் தொடங்கினால் "அன்" போடுங்கள்.

"த" என்பது இவ்வளவு எளிதாக அடங்காது. கேட்பவருக்கு எந்தப் பொருள் என்று தெரியுமானால் "த", தெரியாவிட்டால் "எ" என்பது அடிப்படை. தமிழில் இதற்குத் தனிச் சொல் இல்லை என்று சொல்லிவிட்டு விலகிவிடுவார்கள். ஆனால் நாம் அந்த வேறுபாட்டை வேறு வழியில் காட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். "புத்தகம் வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு புத்தகம். "புத்தகத்தை வாங்கினேன்" என்றால் முன்பே பேசப்பட்ட ஒரு புத்தகம் என்ற எண்ணம் வருகிறது. முதலாவது "ஐ போட் எ புக்", இரண்டாவது "ஐ போட் த புக்". அஃறிணைப் பெயர் செயப்படுபொருளாக வரும்போது, "ஐ" உருபு சேருகிறதா இல்லையா என்று கேட்டாலே பாதிச் சந்தேகம் தீரும். எழுவாயில் இந்த வழி பயன்படாது. அங்கே "அந்த" என்ற சொல்லைச் சேர்த்தால் பொருள் கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கலாம். இடப் பெயர்களில் பழக்கமே வழிகாட்டி: "கோல் ரோட்" என்பதற்கு முன் "த" வராது, "த இன்டியன் ஓஷன்" என்பதற்கு முன் வரும். பல வருடம் ஆங்கிலம் எழுதியவர்களுக்கும் கடைசிவரை தங்கும் பிழை இந்தச் சிறுசொல்தான்; ஆகவே தொடக்க நிலையில் இருப்பவர் இதை முதலில் பிடித்துக்கொண்டு மனம் சோர வேண்டியதில்லை.

பெயர்ச்சொல்லைப் பற்றிப் பேசும்போது இன்னும் இரண்டைச் சொல்லிவிட வேண்டும். தளபாடங்கள், தகவல்கள், ஆலோசனைகள் என்று தமிழில் பன்மை உண்டு என்பதற்காக "ஃபர்னிச்சர்ஸ்", "இன்ஃபர்மேஷன்ஸ்", "அட்வைசஸ்" என்று எழுதக் கூடாது. ஆங்கிலத்தில் இவை எண்ணப்படாத பெயர்கள். மறுபக்கம், "பத்து ரூபாய்", "ஐந்து நாள்" என்று எண்ணுக்குப் பிறகு நாம் பன்மை விகுதியை விட்டுவிடும் பழக்கம் "வன் ஒஃப் மை ஃபிரெண்ட்" என்ற பிழைக்கு இடம் கொடுக்கிறது. "நண்பர்களில் ஒருவர்" என்ற தமிழ்த் தொடரில் உள்ள "கள்" விகுதியை நினைத்தால் "ஃபிரெண்ட்ஸ்" என்று சரியாக வரும்.

"மழை பெய்தாலும், ஆனால் அவர் வந்தார்" என்று தமிழில் இரண்டு இணைப்புச் சொற்களைப் போடுவதில்லை. "ஓல்தோ இட் ரெயின்ட், பட் ஹீ கேம்" என்பதிலும் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

வினாவுக்குள் வினா வரும்போது சொல்வரிசை குழம்புகிறது. நேரடி வினாவில் "வேர் இஸ் ஹீ?" என்று வரிசை மாறும், "ஐ டோன்ட் நோ வேர் ஹீ இஸ்" என்று இன்னொரு வாக்கியத்துக்குள் போனால் வரிசை பழையபடி திரும்பும். தமிழில் "எங்கே இருக்கிறார்?" என்பதும் "எங்கே இருக்கிறார் என்று தெரியாது" என்பதும் ஒரே வரிசையில் இருப்பதால், இரண்டு ஆங்கில வரிசைகளில் ஒன்றையே எல்லா இடத்திலும் பயன்படுத்திவிடுகிறோம். "வை யூ ஆர் லேட்?" என்பதும் "ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹீ" என்பதும் ஒரே நோயின் இரண்டு பக்கங்கள்.

பிழை எது, வழக்கு எது

"யூ ஆர் கமிங், நோ?" என்று கொழும்பில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் பறங்கியரும் கேட்கிறார்கள். "டுடே ஒன்லி ஐ கேம்" என்பது "இன்றைக்குத்தான் வந்தேன்" என்பதன் "தான்" ஆங்கிலத்துக்குள் நுழைந்த வடிவம். இவற்றைக் கேட்டதும் முகம் சுளிப்பது சரியென்று நான் நினைக்கவில்லை. இலங்கை ஆங்கிலம் என்று ஒன்று இருக்கிறது. பேச்சில் அதற்குரிய இடம் உண்டு, நண்பர்களுக்கிடையே அது உறவைக் காட்டும் மொழி. ஆனால் பரீட்சை விடைத்தாளிலும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பும் கடிதத்திலும் "யூ ஆர் கமிங், ஆரின்ட் யூ?", "ஐ ஒன்லி கேம் டுடே" என்று எழுதத் தெரிந்திருக்க வேண்டும். "டிடின்ட் வென்ட்" என்பதற்கு இந்தச் சலுகை இல்லை. அது எந்த இடத்திலும் பிழையாகவே கொள்ளப்படும்.

திருத்தும் வேலையை எப்படிச் செய்வது

எல்லாப் பிழையையும் ஒரே நாளில் துரத்தினால் ஒன்றும் போகாது. ஒரு கிழமைக்கு ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிழமை எழுதும் குறுஞ்செய்தி, மின்னஞ்சல் ஆகியவற்றில் அந்த ஒன்றை மட்டும் தேடுங்கள். ஒரு கொப்பியில் பிழையான வாக்கியத்தையும், சரியானதையும், அவற்றுக்கு அருகே நீங்கள் மனத்தில் நினைத்த தமிழ் வாக்கியத்தையும் எழுதுங்கள். இந்த மூன்றாவது வரி கட்டாயம் இருக்க வேண்டும். பிழை எங்கிருந்து வந்தது என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும். "டிட்" வகையிலிருந்து தொடங்குவது நல்லது. அது அடிக்கடி வருவது, விரைவில் திருந்துவது.

பிள்ளைகளைத் திருத்தும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை ஆங்கிலத்தில் ஏதோ ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில் மறித்து விதி சொல்லாதீர்கள். "அம்மா, ஐ டிடின்ட் ஏட் மை லஞ்ச்" என்று மகள் சொன்னால், "ஏன் பிள்ளை, வை டிடின்ட் யூ ஈட் யுவர் லஞ்ச்?" என்று கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். சரியான வடிவம் அவள் காதில் விழுந்துவிட்டது. சொல்ல வந்த கதையும் நிற்கவில்லை.

கைப்பேசியிலும் கணினியிலும் உள்ள திருத்திகள் "டிடின்ட் வென்ட்", "ஹீ கேன் ஸ்பீக்ஸ்" போன்றவற்றை உடனே பிடித்துவிடும். அவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை, ஆனால் திருத்தத்தை ஏற்கும் முன் ஏன் திருத்தியது என்று ஒரு கணம் கேளுங்கள். "எ", "த" என்பவற்றில் அவற்றை அவ்வளவு நம்ப முடியாது. "ஐ போட் எ புக்", "ஐ போட் த புக்" ஆகிய இரண்டுமே இலக்கணப்படி சரி. கடிதத்தைப் பெறுபவருக்கு அது எந்தப் புத்தகம் என்று ஏற்கெனவே தெரியுமா என்பதை எழுதுபவர்தான் அறிவார், ஆகவே அங்கே முடிவு செய்ய வேண்டியவரும் அவரே.